சிம்சிம் சாப்பிட்டானா?

"வாயைத் திறக்குதா?" என்று நஜ்வா கேட்டாள். சமையலறை வாசலில் ஒரு நாற்காலி. நாற்காலியின் மேல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"திறக்கல."

"செத்த எலியை மூக்குக்கு நேரா ஆட்டினா யாருக்குத்தான் திறக்கும்?"

அவள் கணவன் ஷவ்கி, இடுக்கி முனையில் தொங்கிய எலிக்குஞ்சை, உயிரோடு இருப்பதுபோல் நாசூக்காக இன்னொரு முறை அசைத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டைவிரல் தடிமனில் சுருண்டு கிடந்த குட்டி மலைப்பாம்பு, தலையை உடம்புக்குள் இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டது.

இது ஐந்தாவது நாள். பாம்பின் பெயர் சிம்சிம். அலெக்ஸாண்டிரியா துறைமுகத்தில் சரக்குக் கம்பெனி நடத்தும் ஹாஜி லுத்ஃபியின் செல்லம். ஜித்தாவில் இருக்கும் மகளைப் பார்க்க மனைவி இஃப்பத்தோடு மூன்று வாரம் கிளம்பியபோது, பெட்டியையும் பனிக்கட்டியில் வைத்த ஒரு பை செத்த எலிக்குஞ்சுகளையும், கம்பெனியில் வேலை பார்க்கும் ஷவ்கியின் கையில் கொடுத்து, "உன்னை நம்பித்தான் போறேன்டா, உன்கிட்டே விடச் சொன்னதே இஃப்பத்தான்" என்றார் ஹாஜி. கண் கலங்கியிருந்தது. சரக்குப் பிரிவின் தலைமை நாற்காலி காலியாகி ஒரு மாதம் ஆகியிருந்த நேரம் அது. ஷவ்கிக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தினமும் மாலை நாலு மணிக்கு ஜித்தாவிலிருந்து போன் வரும்.

"சிம்சிம் சாப்பிட்டானா?"

"ஒரு பிடி பிடிச்சுட்டான், ஹாஜி."

"எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டா! மூணாவது கேட்டா கொடுத்துடாதே, வயிறு கெட்டுடும். அவன் முகத்தைப் பார்த்து ஏமாந்துடுவே."

"ஏமாற மாட்டேன், ஹாஜி."

போனை வைத்ததும் நஜ்வா அவனைப் பார்த்த பார்வையில், ஷவ்கிக்கே பசி போய்விடும்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் பிராணிகள் விற்கும் அர்ஃபான், விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "ஜில்லுனு கொடுத்தா எப்படித் தின்னும்? வெந்நீர்ல போட்டு, இளஞ்சூடா கொடுங்க."

ஷவ்கி ஒரு மூடிக் குவளையில் வெந்நீர் ஊற்றி, எலியை இறக்கி, சமையலறை மேடையில் வைத்துவிட்டு இடுக்கி தேடப் போனான். அந்த ஐந்து நிமிடத்தில் நஜ்வாவின் அண்ணன் தவ்ஃபீக் வந்து சேர்ந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் நேராக அடுப்படிக்குப் போய் மூடிகளைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம்.

"ஆட்டுக்கால் சூப்பா, நஜ்வா? வாசனையே இல்லையே..."

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் மாடிப் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. அன்றிலிருந்து நஜ்வாவின் பிறந்த வீட்டார் இவர்கள் வீட்டில் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. சிம்சிம்மும்தான்.

"அப்போ உயிரோட இருக்கறதைக் கொடுங்க" என்றான் அர்ஃபான். "ஓடறதைப் பார்த்தாத்தான் அதுக்கு ருசி வரும்."

வெள்ளைச் சுண்டெலி ஒன்று வந்தது. பெட்டிக்குள் விட்டதும் அது ஓடவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டு, சுற்றிப் பார்த்து, இருந்ததிலேயே மெத்தென்ற இடமாகத் தெரிந்த சிம்சிம்மின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் தூங்கியும் விட்டது. அடியில் பாம்பு நடுங்கியது.

"எடு அதை!" என்றாள் நஜ்வா.

"பாம்புக்குப் பாவம் பார்க்கறியா?"

"எலிக்குப் பார்க்கறேன். எப்படி நம்பித் தூங்குது பாரு. இதைப் போய்க் கொல்லணும்னு உனக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!"

நாற்காலியைவிட்டு முதல்முறையாக இறங்கி வந்து, சுண்டெலியை ஒரு பழைய பறவைக் கூண்டில் குடிவைத்து, ஸுக்கர் என்று பெயரும் வைத்தாள். பாலாடைக்கட்டி வைத்தாள். அது தின்றது. ரொட்டி வைத்தாள், அதையும் தின்றது. வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரே ஜீவன் அதுதான்.

பன்னிரண்டாம் நாள். சிம்சிம்மின் தோல் சுருங்கியதுபோல் ஷவ்கிக்குத் தோன்றியது. ஆபீஸில் அந்தக் காலி நாற்காலி கண்ணில் படாமல் சுற்றிப் போனான்.

"ஜனவரி மாசக் குளிர் சார், பெட்டிக்குச் சூடு பத்தல" என்றான் அர்ஃபான்.

ஷவ்கி சிவப்பு விளக்கு ஒன்றை மாட்டினான். போதாதென்று அறைச் சூடேற்றியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். அதுவும் போதாதென்று இன்னொன்றை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்றது. கட்டடம் முழுக்க மின்சாரம் நின்றது. லிஃப்டும் நின்றது, மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில், உள்ளே ஓய்வுபெற்ற கர்னல் பஹ்ஜத்தோடும் அவர் கையிலிருந்த இரண்டு கிலோ மத்தி மீனோடும்.

நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்த கர்னல், பக்கத்து வீட்டார் கைகாட்ட, நேராக ஷவ்கியின் கதவை உதைத்தார்.

"எவன்யா அது? போர்ல டாங்கிக்கு முன்னாடி நின்னவன் நான்! என்னையே பூட்டி வைக்கறியா? என்னத்தைப் பெரிசா வளர்க்கறே உள்ளே, காட்டு!"

ஷவ்கி காட்டினான். கர்னல் மீனை அங்கேயே போட்டுவிட்டு, ஆறாம் மாடி வரை ஒரே மூச்சில் ஏறினார்.

மத்தி வாசனைக்குத் தெருப் பூனைகள் எல்லாம் வாசலில் கூடின. அந்தக் கூச்சலில் ஷவ்கி தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"முடிஞ்சது, நஜ்வா. ஹாஜிகிட்ட உண்மையைச் சொல்லிடறேன். என்னால ஒரு பாம்புக்குச் சோறு போட முடியல. என்னை நம்பி எப்படி ஒரு பிரிவையே கொடுப்பார்?"

நஜ்வா தன் பெருநாள் செருப்பு வந்த அட்டைப்பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"அதைத் தூக்கி இதுல போடு. எலியையும் போடு. செத்ததைச் சொன்னேன், என் ஸுக்கரை இல்ல. மூடு. மூடிட்டு எழுந்து வா."

"எதுக்கு?"

"புது இடம், புது மனுஷங்க. வந்த நாள்லேர்ந்து நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அதோட வாயையே பார்த்துக்கிட்டிருக்கோம். நான் மருமகளா வந்தப்போ உங்க வீட்டார் அப்படித்தான் பார்த்தாங்க. மூணு நாள் எனக்கு ஒரு பருக்கை இறங்கல."

இருவரும் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஷவ்கி மூடியை விரல் அகலம் தூக்கிப் பார்த்தான். எலியைக் காணோம். சிம்சிம்மின் நடுவயிற்றில் மட்டும் அழகான ஒரு மேடு.

நஜ்வா வாயில் கை வைத்துக் குலவையிட்டாள். கல்யாணமோ என்று பக்கத்து வீட்டார் கதவைத் திறந்தார்கள்.

அதற்குப் பிறகு சிம்சிம் நிறுத்தவேயில்லை. ஹாஜி திரும்பி வந்த அன்று அதன் உடம்பு பளபளவென்று மின்னியது. ஷவ்கி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனான். ஹாஜி பாம்பையும் அவனையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"பாருடி இஃப்பத், எப்படி வளர்ந்திருக்கான்! டேய் ஷவ்கி, ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அந்த நாற்காலி உனக்குத்தான்."

மேடம் இஃப்பத் பெட்டியைப் பார்த்தார். ஷவ்கியைப் பார்த்தார். "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வீடே அதிர்ந்தது.

கீழே காரோடு காத்திருந்த ஹாஜியின் டிரைவர் ஸப்ரி, வழக்கமாகத் திறந்துவிடும் கதவை இன்று திறக்கவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன ஸப்ரி, உடம்பு சரியில்லையா?"

"என் மூஞ்சியில கரியைப் பூசிட்டீங்களே, சார்! 'உங்க ஆபீஸ்ல கையில கொடுத்த எதையும் முழுசாத் திருப்பிக் கொடுக்காத ஆளு யாருப்பா?'ன்னு மேடம் கேட்டப்போ, உங்க பேரைச் சொன்னதே நான்தான்."