அந்துவானின் கட்டைவிரலும் நானும்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும் ஆண்களில் பாதிப் பேருக்கு, நர்ஸ் என்றால் மாத்திரை கொண்டுவரும் ஓட்டல் சர்வர் என்று நினைப்பு. மீதிப் பாதி அதைவிட மட்டம். நர்ஸை விடத் தனக்கு அதிகம் தெரியும் என்று நம்புகிறவர்கள். நான் இரண்டாவது ரகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வைத்தியம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அப்போதெல்லாம் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றுமே இல்லை.

தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை, காலாப்பட்டில் டீக்கடை, நடுவில் லாரியில் கிளீனர் என்று எதிலும் நிலைக்காமல் சுற்றிவிட்டு, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்திருந்தேன். ஒருநாள் கூடையிலிருந்து ஒரு திருக்கை மீன் கீழே விழுந்தது. செத்துவிட்டது என்று நானே தீர்மானித்து, வெறுங்காலால் தள்ளினேன். அதற்கு அந்தத் தீர்மானத்தில் உடன்பாடில்லை. வால் முள் வலது கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இறங்கியது. மஞ்சளை அப்பித் துணியால் கட்டிக்கொண்டு (டாக்டர் எதற்கு, நான் இருக்கும்போது) வேலையைப் பார்த்தேன். கால் வீங்கிச் சுரைக்காய் ஆனதும், படகு முதலாளி டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதன் பெயர் வேண்டாம். அங்கே நடந்த அசிங்கத்தில் பெரும்பங்கு என்னுடையது.

பக்கத்துக் கட்டிலில் அந்துவான். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்பா போன பிறகு பென்ஷன் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்துவான் அதை உட்கார்ந்து சாப்பிட்டு, நாற்பத்தைந்து வயதுக்குள் சுகரை மட்டும் சொந்தமாகச் சம்பாதித்திருந்தார். அவருக்கும் வலது காலில்தான் கட்டு. எனக்கு முப்பதுதான் என்றாலும், உப்புக்காற்றும் வெயிலும் சேர்ந்து என்னையும் நாற்பத்தைந்துக்குக் கொண்டுபோயிருந்தன.

மறுநாள் விடியும்போதே அவர் ரகசியமாக என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஜன்னல் பக்கம் நல்லா காத்து வருது. எனக்குக் குளிருது. கட்டில மாத்திக்கலாமா?"

"மாத்திக்கலாண்ணே."

"மாத்துனது தெரிஞ்சா கத்துவாங்க. யாரு கேட்டாலும் நீ என் பேரச் சொல்லு. நான் உன் பேரச் சொல்லிக்கிறேன்."

உலகம் முழுக்கச் சுற்றியவனுக்கு இதில் சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. ஓசியில் ஜன்னல் கிடைத்த சந்தோஷத்தில் நொண்டிக்கொண்டே போய்ப் படுத்தேன். கையில் பெயர் எழுதி ஒட்டியிருந்த பட்டையை முந்தின நாளே பிய்த்துப் போட்டிருந்தேன். அரித்தது, தவிர, சந்தைக்குப் போகும் ஆடு மாதிரி இருந்தது.

காலை டியூட்டிக்கு வந்தவர் விஜயா சிஸ்டர். லீவு முடிந்து அன்றைக்குத்தான் வருகிறார். எங்கள் இரண்டு பேர் முகமும் அவருக்குத் தெரியாது.

"உங்க பேரு என்ன?"

"அந்துவான்."

விரலில் குத்திச் சுகர் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். இன்சுலின் ஊசியை எடுத்தவர், திரும்ப வைத்துவிட்டார். எனக்குக் காலை டிபனும் வரவில்லை. அந்தப் பக்கம் என் கட்டிலில் அந்துவானுக்கு இட்லி, வடை, கேசரி. கேசரியை அவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் மறுபடி வந்து, மறுபடி குத்தினார். "உங்க பேரு?"

"காலையிலதான கேட்டீங்க? அதுக்குள்ள மறந்துட்டீங்களா? நீங்கல்லாம் என்னத்தப் படிச்சீங்க?"

வார்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மறக்கல. ஒவ்வொரு தடவையும் கேக்கணும். கையில பட்டை எங்க?"

"அரிச்சுது, கழட்டிட்டேன்."

"புதுசு கட்டணும். அப்பா பேரு சொல்லுங்க."

பட்டாளத்துக்காரர் என்று தெரியும். பெயர் யாருக்குத் தெரியும்? அந்துவானைப் பார்த்தேன். அவர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார். "சவரிமுத்து" என்று அடித்துவிட்டேன். சிஸ்டர் கேஸ் ஷீட்டை எடுக்கத் திரும்பினார். அதற்குள் ட்ராலி வந்துவிட்டது. தியேட்டருக்கு என்றார்கள். கட்டு மாற்றத்தான் போகிறார்கள் என்று நானே முடிவு செய்து, மாப்பிள்ளை காரில் ஏறுவதுபோல ஏறிப் படுத்தேன்.

"ட்ராலிய நிறுத்துங்க" என்றார் சிஸ்டர்.

"டாக்டர் கத்துறாரு சிஸ்டர்."

"கத்தட்டும்."

டாக்டரே வந்துவிட்டார். என் முகத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "என்னம்மா பிரச்சன? எனக்கு இன்னொரு ஆஸ்பத்திரியில கேஸ் நிக்குது."

"சார், இவருக்கு நேத்து சுகர் எக்கச்சக்கம். இன்னிக்கு ரெண்டு தடவ பாத்துட்டேன், நார்மலா இருக்கு. கையில பட்டை இல்ல. அப்பா பேரு கேட்டா முழிக்கிறாரு. இவரு யாருன்னு தெரியாம அனுப்ப மாட்டேன்."

"நான் சொல்றேன், அனுப்பு."

"நீங்க சொன்னாலும் மாட்டேன் சார்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய் அப்படிப் பழகவில்லை. "ஏம்மா, டாக்டரே சொல்றாரு. நடுவுல நீ யாரு?"

சிஸ்டர் ட்ராலியின் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "உங்களுக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு தெரியுமா?"

"கட்டு மாத்தப் போறாங்க."

"வலது கால் கட்டைவிரல எடுக்கப் போறாங்க."

"எடுத்து?"

"எடுத்துத் தூக்கிப் போட்டுடுவாங்க."

அதற்குப் பிறகு நான் போட்ட கூச்சல் வெளியே ரோடு வரைக்கும் கேட்டதாம். "நான் அந்துவான் இல்ல! ஏழுமல! அப்பா பேரு கோவிந்தன்! தாத்தா பேரு பெரியதம்பி! திருக்க முள்ளு குத்துனது! எனக்குச் சுகரே இல்ல!" கேட்காத பாட்டனார் பெயரையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், என் மனைவி சுமதி தூக்குப் பாத்திரத்தோடு படியேறி வந்தாள். ட்ராலியில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் கால்விரலைப் பொத்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"ஏன்யா, உன் பேரு இப்பதான் ஞாபகம் வந்துச்சா?"

போர்வையை விலக்கினார்கள். அந்துவானின் மீசையில் கேசரி. அன்றைக்கு ஆபரேஷன் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. "டாக்டர் கட்டப் பிரிச்சுப் பாத்து, இது அவன் இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாருன்னு நெனச்சேன். எனக்கு ஒருநாள் தள்ளிப்போவும்ல?" என்றார். என் விரலை நம்பி இவர் ஒருநாள் லீவு எடுத்திருக்கிறார்.

டாக்டர் மணியைப் பார்த்தார். "இதையெல்லாம் முன்னாடியே பாக்க மாட்டீங்களா சிஸ்டர்?" என்று, தன்னைத் தடுத்து நிறுத்திய ஒரே ஆளிடம் எரிந்து விழுந்துவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பட்டப்படிப்பு படித்த அவரும் எட்டாவது படித்த நானும் விஜயா சிஸ்டர் விஷயத்தில் ஒரே வகுப்பு.

சிஸ்டர் எனக்குப் புதுப் பட்டையை இறுக்கிக் கட்டினார். "வெறும் வயித்துல கெடந்த ஒடம்பு. அவரு இன்சுலின உனக்குப் போட்டிருந்தா, விரலப் பத்திக் கவலப்பட நீ இருந்திருக்க மாட்ட." அதுவரைக்கும் 'நீங்க' போட்டவர் அப்போதுதான் 'நீ' என்றார். அது எனக்குத் தாராளம்.

சுகர் அடங்கியதும் அந்துவானின் விரலை எடுத்தார்கள், அவருடையதை. பீச் ரோட்டில் எப்போதாவது எதிர்ப்பட்டால், "தம்பி, விரல் சவுக்கியமா?" என்று வெட்கமே இல்லாமல் கேட்பார்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். சாப்பிட உட்கார்ந்தால் சுமதி குழம்புக் கரண்டியைத் தட்டுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நிற்பாள். "பேரு?" "ஏழுமல." "அப்பா பேரு?" "கோவிந்தன்." அப்புறம்தான் மீன் விழும். நான் தலைவலி மாத்திரை கேட்டால் என் மகளும் இதே விசாரணையைத்தான் நடத்துவாள்.

போன மாதம் காய்ச்சலுக்கு ஒரு கிளினிக் போனோம். புதிதாக வந்த பெண், எதுவும் கேட்காமல் ஊசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"மொதல்ல என் பேரக் கேளும்மா."

"ஏன் சார், உங்களுக்கே சந்தேகமா?"

பின்னாலிருந்து சுமதி சொன்னாள்: "ஆமாம்மா. ஒரு தடவ மாறிப் போச்சு."