பத்தாயிரத்து நானூற்று மூன்று

வேதகிரி என்கிற பேரை நான் முதலில் கேட்டது ஒரு கண்டக்டர் வாயால். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கியாச்சு. அருள்தாஸ் கண்டக்டர் மட்டும் வண்டிக்குள் பார்த்துக் கத்துகிறார்: "வேதகிரி அண்ணே, டிக்கெட்ட வகுத்தது போதும், எறங்கு!" விசாரித்தால் என் நாத்தனாருடைய ஓரகத்தி ஆண்டாளம்மாள் பெற்ற பிள்ளை.

இவர்கள் தனி இனம். எண்பிடிச்சான்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாமெல்லாம் டிக்கெட்டை வாங்கினால் மடியில் செருகுவோம், எண்பிடிச்சான் அதை வெளிச்சத்தில் பிடிப்பான், இலக்கங்களைக் கூட்டுவான், ஒன்பதின் மடங்கு வந்தால் பக்கத்து ஆள் தொடையில் தட்டுவான், ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழித்துப் பூச்சியம் வந்துவிட்டால் "பதினொண்ணு மாட்டிக்கிச்சு!" என்று கெண்டை பிடித்தவன் போலச் சிரிப்பான். அதற்குள் இறங்க வேண்டிய ஊர் தாண்டியிருக்கும். தாண்டினால் என்ன? எதிரே வருகிற லாரிக்கும் நம்பர் உண்டே!

எதிலும் வகுபடாத எண் வந்தால்தான் முகம் தொங்கும். அதற்கு வேதகிரி வைத்த பேர் ஒண்டிக்கட்டை.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஆவணி. இரண்டு இடம் தட்டிப்போய், இதையாவது முடித்துவிட வேண்டும் என்று ஆண்டாளம்மாள் பூவும் பழமுமாக மகனோடு பழையசீவரத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பினாள். டிக்கெட் நம்பர் 10403. வேதகிரி இரண்டில் தொடங்கிப் பதினாறு வரை வகுத்துப் பார்த்தான். ஊஹூம்.

"ஒண்டிக்கட்டைம்மா. இன்னிக்குப் பொண்ணு பாத்தா நானும் அப்டியே நின்னுடுவேன். எறங்கு."

"நீ எறங்குடா. நான் போறேன்."

வழியில் ஒரு புளியமரத்தடியில் அவன் இறங்கிவிட்டான். தாய் போய்விட்டாள்.

"மாப்ள எங்க அத்தே?" என்றாள் பெண் பாஞ்சாலி. ஆண்டாளம்மாளுக்குப் பொய் வராது. டிக்கெட்டை நீட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீடே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது. பாஞ்சாலி டிக்கெட்டையே பார்த்தாள்.

"பத்தாயிரத்து நூறு, மேல முந்நூத்து மூணு... ரெண்டும் நூத்தியொண்ணுல அடங்கிப்பூடுது. நூத்தியொண்ணு தடவ நூத்திமூணு! பதினாறோட வாய்ப்பாட்டு புஸ்தகம்தான் முடியுது அத்தே, எண்ணு முடியுதா இன்னா? அவர வரச்சொல்லுங்க, ஒரு தபா பாக்கணும்."

திரும்புகிற பஸ் புளியமரத்தைத் தாண்டும்போது அங்கேயே உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்து ஆண்டாளம்மாள் ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "நூத்தியொண்ணால வகுபடுதாம்டா! பொண்ணு சொல்லுச்சு!"

வேதகிரி குச்சியால் மண்ணில் போட்டுப் பார்த்தான். எழுந்தான். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் தாவி ஏறினான். வாங்கின டிக்கெட்டை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்காமல் பையில் போட்டான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டே 10403-ஐ மனசுக்குள் ஏழால் வகுத்துப் பார்த்தவர் யார்? இந்தப் பக்கத்தின் எண்ணைக் கொஞ்சம் பார்க்காமல் இருங்கள், தெரிந்துவிடும்.

வேதகிரி இப்போது பழையசீவரத்தில் மாமியார் வீட்டோடு இருக்கிறான்.