விண்ணப்பத்தின் முதல் வரியில் இருந்த முடி

பட்டியல் போட்டு வாழ்கிறவர்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு: பட்டியலில் இல்லாதது நடக்காது. எனக்கும் அது இருந்தது. அது போனபோது கூடவே என் தலைமுடியும் போனது.

வெளிநாட்டில் நீர்ச் சுத்திகரிப்புத் தொழில்நுட்பம் படிக்க உதவித்தொகைக்கு விண்ணப்பித்த நேரம். அது கிடைக்காவிட்டால் படிப்பே கிடையாது. நைனா ஓட்டும் ஷேர் ஆட்டோ கே.ஜி.கண்டிகையைத் தாண்டியதில்லை, அதை நம்பிக் கடல் தாண்ட முடியாது. ஆகவே லேப்டாப்பில் ஓர் அட்டவணை திறந்தேன். மதிப்பெண் சான்று, பரிந்துரைக் கடிதம், பாஸ்போர்ட், கட்டுரை. முடிந்தால் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு. கட்டுரை மட்டும் வாரக்கணக்கில் சிவப்பாகவே கிடந்தது.

'பொதுவாக எழுதாதே, உன் வாழ்க்கையிலிருந்து ஒரு காட்சியோடு தொடங்கு' என்பதுதான் எல்லோரும் சொன்ன ஆலோசனை. என் முதல் வரைவு, "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கியது. (சிறு வயதில் எனக்கு ஆர்வம் இருந்தது தேன்மிட்டாயில்.) பல வரைவுகள் அழிந்த பிறகு அந்த வரி வந்து மாட்டியது: "எங்கள் போர் தண்ணீரில் குளித்தால், இடுப்பு வரை நீண்ட என் முடி தேங்காய் நார் ஆகிவிடும். அதைச் சிக்கெடுத்தபடிதான் முதன்முதலில் கேட்டேன்: இந்தத் தண்ணீரில் என்னதான் இருக்கிறது?" பொதட்டூர்பேட்டையில் நான் சாயப்பட்டறைத் தண்ணீரைப் பரிசோதித்த கதையெல்லாம் அந்த முடியைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தது. கடைசி வரியிலும் முடி. கட்டம் பச்சையானது.

அந்த நாட்களில் அம்மா என்ன கேட்டாலும் திரையைப் பார்த்தபடி "ஆங்" என்பேன். சாப்பிட்டியா? ஆங். துணி காய வச்சியா? ஆங். (வைக்கவில்லை.)

விண்ணப்பத்தை அனுப்பிய மாலை, சமையலறையைப் பார்த்துக் கூவினேன். "அம்மா, சப்மிட் பண்ணிட்டேன்!"

அம்மா அடுப்பை அணைத்தார். "நைனாவுக்கு போன் போடு. காலையில மலைக்குப் போவணும். மொட்ட."

"யாருக்கு?"

"உனக்குத்தான். உன்ன கேட்டுட்டுதான வேண்டிகினேன்? ஆங்ன்னியே."

"கிடைச்சதும் போட்டுக்கலாம்மா."

"கிடைச்சான்னு வேண்டிகினா முருகனுக்கு நெருக்கடி குடுத்த மாதிரி ஆவாதா? நல்லபடியா அனுப்பிட்டா போதும்னுதான் வேண்டிகினேன்."

"அப்போ பூமுடி குடுத்துடறேன்." (கொஞ்சம் நறுக்கினால் போதும்.)

"பூமுடின்னு வேண்டிக்கலியே."

இவ்வளவு நுணுக்கமாக யோசிப்பவரிடம் என் கட்டுரையைத் திருத்தக் கொடுக்காதது என் தவறு. ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த நைனாவைப் பார்த்தேன். "உங்கம்மாவும் முருகனும் பேசி முடிச்சது. நான் வண்டி ஓட்டறவன் பாப்பா" என்றார்.

மறுநாள் மலையில் முடி எடுத்தவர், கத்தியைப் போடுமுன் என் கூந்தலைத் தொட்டுப் பார்த்தார். "நீளம் நல்லாகீது. ஆனா நார் மாதிரி இருக்குதேம்மா?"

"தண்ணி அப்பிடிங்க" என்றேன். என் ஆய்வை முதலில் ஏற்றுக்கொண்டவர் அவர்தான்.

தலை சொரசொரப்பாகும் முன்பே மின்னஞ்சல் வந்தது: முதல் சுற்றில் தேர்வு, காணொளியில் நேர்காணல், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் பின்னல் போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். கண்ணாடியில் அவள் இல்லை. அம்மா கலங்கவில்லை. "நல்ல காரியத்துக்கு வெறுந்தலையோட உக்காராத" என்று சந்தனத்தைக் குழைத்துப் பூசிவிட்டார். மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்றார். "முக்காடு மத வழக்கம் என்றால் எடுக்க வேண்டாம்."

பதற்றத்தில் உண்மையைச் சொன்னேன். "முக்காடு இல்லை, உள்ளே இருப்பதுதான் மத வழக்கம்."

எடுத்தேன். மஞ்சள் மண்டை திரை முழுக்க நிறைந்தது. ஒருவர் அவசரமாக என் கட்டுரையைத் தேடினார். அம்மையாரின் குரல் தழுதழுத்தது. "உங்கள் ஊர்த் தண்ணீர்... இந்த அளவுக்கா?"

"இல்லை, இல்லை! தண்ணீர் நிரபராதி!" என்று கத்தினேன். "இது நேர்த்திக்கடன். விண்ணப்பத்தை அனுப்பியதற்கு."

"அனுப்பியதற்கே இது என்றால், உதவித்தொகை கிடைத்தால்?"

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா கேட்டார். "இன்னாடி சொல்றாங்க?" சொன்னேன். "அதுக்கு இன்னும் வேண்டிக்கல, சொல்லு!"

மொழிபெயர்த்தேன். மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சந்தனம் காய்ந்து பொடிப்பொடியாக விசைப்பலகையில் உதிர்ந்தது. பயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன்: பட்டியல் போட்டேன். ஒன்று, முளைக்கும் முடியைச் சுத்திகரித்த நீரில் மட்டும் அலசுவேன். இரண்டு, பழைய முடி என் சீப்பில் இன்னும் இருக்கிறது. மூன்று, இரண்டையும் ஒப்பிடுவேன். தலை ஒன்றே என்பதால் சோதனை நியாயமாக இருக்கும். அதுவரை சிரித்தவர்கள் குறிப்பெடுக்கத் தொடங்கினார்கள்.

உதவித்தொகை கிடைத்தது. சோதனையாலா, முருகனாலா என்பது எங்கள் வீட்டில் விவாதத்துக்கு உரியதல்ல. மலையிலிருந்து மொட்டைத் தலையோடு யாராவது இறங்கி வந்தால் நைனா இன்றும் ஆட்டோவை மெதுவாக்கி, "பாவம், சப்மிட் பண்ணிட்டாங்க போலக்குது" என்பார்.

படிக்க வந்த இந்த ஊரில் தண்ணீர் மென்மை. முடி தோளைத் தொட்டுவிட்டது. விரைவில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். எந்தத் தேதி என்று அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேச்சை மாற்றிவிடுகிறேன். முக்கியமாக, எதற்கும் "ஆங்" சொல்வதில்லை.