பிற்பாட்டரும் இரண்டு ராசாக்களும்

பிற்பாட்டர் ஒரு காலத்தில் மேடைகளை ஆண்ட பெருநடிகர் என்றே எங்கள் வீட்டில் அனைவரும் நம்பியிருந்தோம். எந்த வேடம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. அப்பா அவரை ராசா என்றார். அம்மா மந்திரி என்றார். பெரியம்மாவோ இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பூசையைக்கூடக் கவனியாமல் அவருடைய புருவங்களை ஆராய்ந்துவிட்டு, ராணி அவரேதான் என்று அறுதியிட்டார்.

நாங்கள் அச்சுவேலியிலிருந்து கொழும்புத்துறைக்கு வந்து சேர்வதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே ‘இரு துறை வேந்தன்’ என்ற நாட்டுக்கூத்து கத்தோலிக்கக் கோயில் வளவில் மேடையேறி முடிந்திருந்தது. ஆகவே அதை நாங்கள் பார்த்ததில்லை. பார்க்காத குறையும் எங்களுக்கு இருந்ததில்லை. எங்கள் ஒழுங்கையின் முடிவில், கரையோரக் கொட்டிலில், படகு இஞ்சின் திருத்தும் மனிதர் ஒருவர் நாள்தோறும் அதை முழுமையாகப் பாடிக்கொண்டிருந்தார். கூத்தில் நடிகர் ஒரு வரியைப் பாடி முடித்ததும் மேடையோரம் நிற்பவர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். அதற்குப் பிற்பாட்டு என்று பெயர். இவரோ ராசாவின் வரியையும் பாடி, அதற்குரிய பிற்பாட்டையும் தாமே பாடுவார். சொந்தப் பெயர் தேசிய அடையாள அட்டையில் மட்டும் எஞ்சியது. ஊருக்கு அவர் பிற்பாட்டர்.

குடும்பத்து நம்பிக்கை ஒரு நாள் வேலிக்கு அருகே உடைந்தது.

“அண்ணை, நீங்கள் அந்தக் கூத்திலை என்ன வேசம் கட்டினனீங்கள்?” என்று அம்மா கேட்டார்.

“நானோ? நான் முன்வரிசையிலை இருந்தனான் அக்கா.”

அதை அவர் சொன்ன பெருமிதத்தில், முன்வரிசை என்பதும் ஒரு வேடம் என்றே அம்மாவுக்குப் பட்டதாம்.

விடியும்வரை நீளும் கூத்துக்கு ஒரு தொண்டை போதாது. ஆகையால் ஒரே ராசாவை இருவர் பங்கிட்டு நடிப்பது எங்கள் கரையோரத்து வழக்கம். முந்தின ராசா முடிசூடி அரசாள்வார். பிந்தின ராசா முடியிழந்து கடற்கரையில் நின்று அழுவார். பிற்பாட்டர் பிந்தின ராசாவின் அடியார். முந்தின ராசாவின் குரல்தான் மேலானது என்று சொன்ன ஒருவருடைய இஞ்சின் பதினொரு நாள் கொட்டிலில் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் அவர் வந்து, “பிந்தினவரும் மோசமில்லைத்தான்” என்று ஒப்புக்கொண்ட பின்னரே அதற்கு உயிர் வந்தது.

இஞ்சினின் நோயை அவர் காதால் அறிவார். “ஆறு தாளத்துக்கு ஒருக்கால் விக்குது. பிளக்கை மாத்து” என்பார், அது சரியாகவே இருக்கும். ஆனால் பாட்டின் நடுவே கை நின்றுவிட்டால், அந்தக் கட்டம் முடியும்வரை எவராலும் அதை அசைக்க முடியாது.

“அண்ணை, தொழிலுக்குப் போக நேரமாகுது!”

“ராசா இப்பதான் காட்டுக்கை போறார். திரும்பி வரட்டும், பொறு.”

மற்ற ஊர்களின் கோயிற் பங்குகளில் கூத்து நடந்தாலும் போவார். போய்ப் பார்வையாளர் நடுவே இருந்தபடி, மேடைப் பிற்பாட்டுக்காரர்களை அமிழ்த்திவிட்டுப் பாடுவார். ஓர் ஊரில் கூத்தை நடத்திய அண்ணாவியார் தாளத்தை நிறுத்திவிட்டுக் கைகூப்பினார்.

“அண்ணை, மேடையிலை ஆறு பேரை நிப்பாட்டி வைச்சிருக்கிறன். அவங்களும் கொஞ்சம் பாடட்டுமே.”

“பாடட்டும், வேண்டாமெண்டே சொன்னனான்? ஆனா மூண்டாவது ஆள் சுருதி விட்டிட்டான். அவனை உதிலை தள்ளி நிப்பாட்டுங்கோ.”

அதன் பின்னர் எல்லாப் பங்குகளிலும் அவருக்கு மரியாதையுடன் ஒரு கதிரை தரப்பட்டது, ஜெனரேற்றருக்குப் பக்கத்தில். அவர் குரலுக்கு ஜெனரேற்றரும் தோற்றது.

இடையில் யுத்தம் வந்தது. ராசாக்கள் இருவரும் ராணியும் நாட்டைவிட்டுப் போனார்கள். ஒருவர் கனடா, ஒருவர் இலண்டன், ராணி பாரிஸ். மந்திரி மட்டும் இங்கேயே கிழவரானார். கூத்தெழுதிய கொப்பி ஏதோ ஓர் இடப்பெயர்வில் தொலைந்தது. அதைப் பழக்கிய அண்ணாவியாரும் காலமானார். கூத்து பிற்பாட்டரின் வாயில் மட்டும் மிஞ்சியது.

சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில் அவர் எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஏதோ ஓர் இஞ்சினை இழுத்து இயக்கும் கயிறு. அந்தக் கயிற்றை மீட்பதற்காக இஞ்சினின் சொந்தக்காரர் பின்னால் சைக்கிளில் வந்தார்.

“ரீச்சர், வாறினம்!” என்றார் என்னிடம்.

“ஆர் அண்ணை?”

“மூண்டு பேரும்! மந்திரியையும் சேர்த்துப் பெருநாளுக்குக் கூத்துப் போடப் போகினமாம். பெடியள் வேசம் கட்டுறேல்லை ரீச்சர். அதே ராசா, அதே ராணி! மெய்யான ஆக்கள்!”

“அண்ணை, என்ரை கயிறு...” என்றார் சைக்கிள்காரர்.

“ராசா வாறார் எண்டிறன், நீ கயிறைப் பற்றிக் கதைக்கிறாய்!”

அன்றிலிருந்து அவருக்கு நிலை கொள்ளவில்லை. ஒரே கிழமையில் இரண்டு முறை தலைமயிர் வெட்டினார். பிந்தின ராசாவின் தங்கை எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். காலையும் மாலையும் அவருடைய படலையில் விசாரணை நடந்தது.

“தங்கச்சி, கொண்ணற்றை பல்லு எப்பிடி?”

“பல்லுக்கு என்ன அண்ணை? கட்டுப்பல்லு வைச்சிருக்கிறார்.”

பிற்பாட்டர் வேலியைப் பிடித்துக்கொண்டார். “மேல்வரிசையோ, கீழ்வரிசையோ? கீழ்வரிசையெண்டால் சமாளிக்கலாம். புலம்பலிலை சகரம் கூட வருது. மேற்பல்லு ஆடினால் சோகம் வராது, காத்துத்தான் வரும்.”

கொப்பி இல்லாமல் ஒத்திகை எப்படி நடக்கும்? அவர் சொல்லச் சொல்ல எழுதித் தரும்படி இளைஞர் மன்றத்தினர் என்னைக் கேட்டார்கள். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பொறுமை என் தொழில் என்று நினைத்திருந்தேன். அந்த மூன்று கிழமைகளும் என் நினைப்பைத் திருத்தின. சும்மா இருந்து சொல்ல அவருக்கு வராது. கையில் ஸ்பானர் வேண்டும். நடுவில் நிறுத்தினால், நிறுத்திய இடத்திலிருந்து தொடரவும் வராது. மீண்டும் காப்பு விருத்தத்திலிருந்தே தொடங்குவார். ஒரு நாள் நான் தும்மினேன். ராசாவுக்கு மறுபடியும் முடிசூட்ட வேண்டியதாயிற்று.

இவ்வாறு புலம்பல் கட்டத்தை எட்டினோம். முடியையும் குடியையும் இழந்த வேந்தன் இறைவனை நோக்கி அழுகிறான். பிற்பாட்டரின் கண்கள் கலங்கின. குரல் தழுதழுக்க அடுத்த வரியைப் பாடினார்:

“சூசையின் வள்ளமும் கயிறறுத் தேகுதே, சுவாமீ!”

என் பேனை நின்றது.

“அண்ணை, இது மேற்றிசை நாட்டு ராசாவின்ரை கதையெல்லோ? அங்கை எப்பிடிச் சூசை வந்தான்?”

“ஏன் ரீச்சர், சூசையப்பர் என்ன கொழும்புத்துறையிலையே பிறந்தவர்?”

அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“யோசிச்சுப் பாருங்கோ. நாடு போச்சு, முடி போச்சு. அந்த நேரத்திலையும் ஓர் ஏழையின்ரை வள்ளம் போகுதெண்டு அழுகிறான் பாருங்கோ, அவனெல்லோ ராசா! அண்டைக்கு அந்த வரியைக் கேட்டுச் சனம் தாங்கேலாமல் எழும்பி ஓடினது. நான் ஒருத்தன்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இருந்தனான்.”

எழுதினேன். எழுதுகையில், அந்த வரி நன்றாகவே இருப்பதாக எனக்கும் பட்டது.

பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கையில் நால்வரும் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். முந்தின ராசாவின் முழங்காலில் பட்டி. ராணி அடர்ந்த வெள்ளை மீசையோடு பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். மந்திரியார் ஊன்றுகோலை உடைவாளாகப் பிடித்துப் பார்த்தார். வாசலில் சனம் முண்டியடித்தது. “உவர்தான் ராணியோ? ஐயோ, உந்த இடையை நினைச்சு என்ரை மனிசன் எத்தினை நாள் சாப்பிடாமல் இருந்தது!” என்று ஒரு மூதாட்டி உரக்கச் சொல்ல, ராணி நாணிக் கோணி ஒரு கும்பிடு போட்டார்.

பிற்பாட்டர் தூணுக்குப் பின்னால் நின்றார். பிந்தின ராசாவே அவரைக் கண்டுவிட்டு அருகே வந்தார்.

“தம்பி, நீர் ஆர்?”

“நான்... சனம்” என்றார் பிற்பாட்டர்.

ஒத்திகை தொடங்கியது. பிந்தின ராசாவுக்குக் கூத்து ஏறக்குறைய முழுவதும் மறந்துபோயிருந்தது. கொப்பியைக் கண்ணருகே பிடித்து எழுத்தெழுத்தாகப் பாடியவர், புலம்பலின் அந்த வரிக்கு வந்ததும் கொப்பியை மூடிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். கட்டுப்பல்லைக் கையால் தாங்கிக்கொண்டு சிரித்தார்.

“உதை ஆர் எழுதினது? உது கூத்தில்லையப்பா! அண்டைக்கு விடியப்புறம் நான் அழுதுகொண்டு நிக்கிறன், ஒருத்தன் ஓடிவந்து மேடைக்குக் கீழை நிண்டு, சூசையண்ணையின்ரை வள்ளம் கயிறறுத்துப் போகுதெண்டு கத்துறான். பாட்டை விட்டால் அண்ணாவியார் கொல்லுவார். சொல்லாட்டில் வள்ளம் போயிடும். அதுதான் அந்த மெட்டிலையே சனத்துக்குச் சொன்னனான். அவ்வளவு பேரும் எழும்பிக் கரைக்கு ஓடினவை!”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. ஊரில் முதியவர்கள் சிலர் இதை அறிந்தே இருந்தார்கள். பிற்பாட்டர் அந்த வரியைப் பகிடிக்குத்தான் பாடுகிறார் என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தார்களாம். நான் தூணைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே எவரும் இல்லை.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அவர் ஒத்திகைக்கு வரவில்லை. கொட்டிலுக்குப் போனேன். பாட்டில்லாமல் வேலை நடந்துகொண்டிருந்தது. கையில் இருந்த இஞ்சின் வேளைக்கே திருத்தப்பட்டுவிடும் போலிருந்தது.

“அந்த வரியை வெட்டுங்கோ ரீச்சர். பிழையெண்டு தெரிஞ்ச பிறகு வைச்சிருக்கக் கூடாது.”

“ஒரு வரிதானே அண்ணை.”

“அந்த ஒரு வரிக்காகத்தான் மிச்சம் முழுக்கப் பாடமாக்கினனான்.”

படித்த நூல்கள் எவையும் அவ்வேளையில் உதவிக்கு வரவில்லை. அப்போது வாசலை மறைத்துக்கொண்டு பிந்தின ராசா வந்தார்; வெயிலில் நடந்து வியர்த்திருந்தார். பிற்பாட்டர் எழுந்து, கதிரையை எண்ணெய்த் துணியால் துடைத்து இன்னும் அழுக்காக்கினார். ராசா அதில் இருந்தார்.

“தம்பி, நீர் வராட்டில் எனக்கு மெட்டுப் பிடிபடுதில்லை. மந்திரி என்னைவிட மோசம்.”

“ரீச்சரிட்டை வெட்டச் சொல்லிப்போட்டன் ராசா. இனிப் பிழை வராது.”

“எதை வெட்ட?”

“சூசையின்ரை வள்ளத்தை.”

ராசா நெற்றி வியர்வையைத் துடைத்தார். பிறகு சொன்னார்:

“தம்பி, கனடாவிலை கதவுக்கு முன்னாலை பனி வழிக்கேக்கை நான் பாடுவன். பிள்ளையள் கேட்டுச் சிரிப்பினம். கூத்திலை எனக்கு வேற ஒண்டும் ஞாபகமில்லை. எழுதித் தந்ததெல்லாம் மறந்து போயிட்டுது. மிஞ்சினது அந்த ஒரு வரிதான். அதையும் வெட்டினால் நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தனான்?”

பிற்பாட்டர் என்னைப் பார்த்தார். நான் வெட்டியிருக்கவில்லை. வெட்டும் எண்ணமும் எனக்கு இருக்கவில்லை.

“வள்ளம் கிடைச்சதோ?” என்று அவர் ராசாவைக் கேட்டார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது ஏழைச் சூசையின் வள்ளம் அல்லவா?

“ஓம். ரெண்டு பேர் நீந்திப்போய் இழுத்து வந்தவை.”

“அப்ப சரி” என்றார் பிற்பாட்டர். அன்று மாலையே ஒத்திகையில் மூன்று பேரின் சுருதியைத் திருத்தினார்.

பெருநாள் மாலை கோயில் வளவில் கால் வைக்க இடமில்லை. பாசையூரிலிருந்தும் குருநகரிலிருந்தும் சனம் வந்தது. முந்தின ராசா முழங்கால் பட்டிக்கு மேல் பட்டுடுத்தி வந்து ஒரு சுற்று ஆடியபோது எழுந்த ஆரவாரத்தில் மரத்துக் காகங்கள் கலைந்தன. ராணி மீசையை மழித்திருந்தார். அந்த மூதாட்டி இம்முறை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மூன்று மணித்தியாலமாகச் சுருக்கிய கூத்துத்தான். குரல்கள் உடைந்தன, மூச்சு வாங்கியது, மந்திரியார் ஓரிடத்தில் மறந்து நின்று சிரித்தார். சனம் அதற்கும் கைதட்டியது. ஆட்டம் பிழைப்பதைப் பார்க்க எவரும் வரவில்லை. ஆடுகிறவர்களைப் பார்க்கவே வந்திருந்தார்கள்.

புலம்பல் வந்தது. கட்டுப்பல் அசையவில்லை. சூசையின் வள்ளம் கயிறறுத்துப் போயிற்று. கடைசி வரிசையில் நாலைந்து கிழவர்கள் தம்மையறியாமல் கரைப்பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் கண்டேன்.

பிற்பாட்டர் முன்வரிசையில், புதுச் சேட்டு அணிந்து, முழங்கால்கள்மீது கைகளை வைத்தபடி இருந்தார். தொடக்கம் முதல் மங்களம்வரை அவர் வாய் திறக்கவில்லை. மேடையிலிருந்த பிற்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு வரிக்கும் அச்சத்துடன் அவரைப் பார்த்தார்கள், அவர் அசையவில்லை. கூத்து முடிந்து கதிரைகளை அடுக்கும்போது, உடம்புக்கு ஏதும் செய்கிறதோ என்று அவரிடம் கேட்டேன்.

“ஏன் ரீச்சர்?”

“நீங்கள் பாடேல்லையே.”

“நான் கேக்க வேண்டாமே? அவையள் இல்லாதபடியாலெல்லோ இவ்வளவு காலமும் நான் பாடினனான்.”

அடுத்த கிழமை ராசாக்கள் இருவரும் விமானம் ஏறினார்கள். ராணி பாரிசுக்குத் திரும்பி, மீசையை மறுபடி வளர்த்திருப்பதாகப் படம் அனுப்பினார். மந்திரியார் இந்த மாரியில் காலமானார். அந்தக் கூத்தை முழுமையாக அறிந்தவர்களில் இப்போது எங்கள் கரையில் இருப்பது இருவர்: கொட்டிலில் பிற்பாட்டர், நாலு வீடு தள்ளி நான்.