மூன்று விநாடி மருமகன்

ஈப்போ,
14.10.1984

தோட்டத்துக் கங்காணி வீட்டு ரம்புத்தான் பழத்தைத் திருடப் போய் முள்வேலியில் இடது காதைக் கிழித்துக்கொண்டவனும், பிறகு நர்ஸ் படிப்புக்கென்று இங்கிலாந்து போய் அந்த நாட்டோடு கரைந்துவிட்டவனுமான மருமகன் ஜெயபாலனுக்கு, உன் ஒரே தாய்மாமனும் பேராக் மாநிலத்தின் முதல்தர அறிவாளியுமான சன்னாசி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் மிச்சமிருக்கும் ரப்பர் மரங்களும் நலம். உன் நலம் அறிய ஒன்பது வருடமாக ஆவல். அந்த ஆவலுக்கே இப்போது நரை விழுந்துவிட்டது.

நடந்ததைக் கேள். உனக்குப் போட்ட கடிதம் 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்ததிலிருந்து உன் அம்மா மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வாசலைத் தாண்டவில்லை. புரட்டாசி முதல் சனிக்கிழமை ஈப்போ தியேட்டரில் ஒரு போஸ்டர் பார்த்தேன்: இடுப்பு வரை முடி, நெஞ்சு வரை தாடி, நாலு பேர், சுற்றிலும் புகை, பின்னால் லோரி டயர் அளவுக்கு ஒரு சேகண்டி. முனிவர்கள் படம்தான் என்று தீர்ப்பளித்து, விரதம் இருந்த தோட்டத்துப் பெண்கள் பதினெட்டுப் பேரோடு அக்காவையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனேன். உள்ளே போனால், வெள்ளைக்காரப் பையன்கள் ஒரு மைதானத்தில் நடத்திய பாட்டுக் கச்சேரியை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். பழைய படம், திரை முழுக்கக் கீறல் விழுந்து தைப்பிங் மழை மாதிரிப் பெய்தது. ஒரு பாட்டு லகாட்டில் பஸ் ஏறினால் எழுபது மைல் தள்ளித் தஞ்சோங் மாலிமில்தான் இறங்குகிறது. தாடிக்காரன் சேகண்டியை அடித்த அடியில் ஈப்போ மண்ணுக்குள் தோண்டியது போக மீதமிருந்த ஈயமெல்லாம் தானாக மேலே வந்துவிட்டதாகக் கேள்வி. பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தத் தாள் தாங்காது. அவர்களில் வீரம்மா மட்டும் கடைசிவரை கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கூட்டத்தைக் காட்டினார்கள். புல்லில் உட்கார்ந்திருந்த ஒரு கோடி வெள்ளைக்காரத் தலைகளுக்கு நடுவில் கறுப்பாக, ஒல்லியாக ஒருவன், பக்கவாட்டில் திரும்பிச் சிரித்தான். மூன்று விநாடி. நான்தான் கத்தினேன், "அக்கா, நம்ம பாலன்!" என்று. உன் அம்மா எழுந்து நின்றாள். "ஏண்டா, முடிய வெட்டலியா?" என்று திரையைக் கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து பதினொரு நாள், பகல் காட்சிக்கு வேறு யாரும் வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் ஆஜர். மேளம் அடிக்கும் நேரத்தில் அக்கா தூங்கிவிடுவாள். டிக்கெட் கிழிக்கும் நூஹு பாய் டார்ச் லைட்டோடு வந்து, "அக்கா, எழுந்திரிங்க, உங்க மவன் வர்ற நேரமாச்சு லா" என்று எழுப்புவார். பார்த்ததும் வெளியே போய் உட்கார்ந்துகொள்வாள். மீதிப் படத்தை நான் பார்த்தாக வேண்டியிருந்ததால், இன்று இந்த இசையைப் பற்றி என்னைக் கேட்காமல் மலேசியாவில் எவனும் வாய் திறக்க முடியாது. படப்பெட்டி தைப்பிங்குக்குப் போகும் நாளன்று, நூஹு பாய் ஆபரேட்டரைக் கெஞ்சி நீ வரும் பிலிம் துண்டை மட்டும் மூன்று முழ நீளத்துக்கு வெட்டி வாங்கிக் கொடுத்தார். ஆகவே தைப்பிங் ஜனங்களுக்கு நீ கிடையாது. அம்மா அதைச் சுருட்டிச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். நீ சிரிப்போடு இருப்பது ஊர்ஜிதமாகிவிட்டபடியால் இங்கு யாருக்கும் கவலை இல்லை.

நூஹு பாயின் சலாமும் பதினெட்டுப் பெண்களின் திட்டும் உனக்குச் சேரட்டும். எந்தக் குளிரில் நீ நின்றாலும் நம்ம முனியாண்டி சாமி ஒரு சால்வையோடு பக்கத்தில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
முனிவர்களை நேரில் கண்ட மாமா,
சன்னாசி

பி.கு.: உறையை ஒட்ட அக்காவிடம் இரண்டு பருக்கை சோறு கேட்டேன். கொடுத்துவிட்டு, பிலிமை எடுத்துக் காட்டி, "தம்பி, அது நம்ம பிள்ளை இல்ல. இதுக்குக் காது முழுசா இருக்கு பாரு" என்றாள். முதல் நாளே தெரியுமாம். நான் அவ்வளவு சந்தோஷமாகக் கத்தியதால், அது நீ இல்லை என்று சொல்ல மனசு வரவில்லையாம். எனக்கும் முதல் நாளே தெரியும், பாலா. அவள் ஒரு வாய் சாப்பிடட்டும் என்றுதான் கத்தினேன். அப்படியானால் பதினொரு நாள் யாரைப் பார்க்கப் போனாய் என்று கேட்டேன். "அவனும் வீட்டுக்கு எழுதாத மூஞ்சியாத்தான் இருந்தான். யாராச்சும் பாக்கணும்ல" என்றாள்.

ஆகையால் மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு. இதையும் அந்தப் பழைய விலாசத்துக்குத்தான் போடுகிறேன். வேறு விலாசம் எங்களிடம் இல்லை. படத்தில் நீ இல்லை. எங்கேதான் இருக்கிறாய்?