தாமஸ் குடியிருந்த குருவி வீடு

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சொந்த வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரியும். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவன் நான்.

எழுபதுகளில் நடந்தது. கேரள எல்லைக்குள் இருக்கும் மீனாட்சிபுரத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில், அப்பா எனக்கும் சரஸ்வதிக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே ஓடு. பெரிய வீட்டில் என் அண்ணிமார் இருவரோடு ஒரே அடுப்பைப் பங்கிட்டுக்கொண்டிருந்தவள் சரஸ்வதி. அவள் முறை வரும்போது கொள்ளி அணைந்து புகைதான் மிஞ்சியிருக்கும். அதனால் தோட்டத்து வீட்டுக்குக் கூரை ஏறும் முன்பே அவள் சமையல்கட்டில் அடுப்புப் போட்டுவிட்டாள். ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்து, மண் குழைத்து, தன் கையாலேயே வழித்துவிட்ட இரட்டை அடுப்பு. பிரசவத்துக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தாய்வீடு புறப்பட்டபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நா வர்றதுக்குள்ள ஊட்டு வேலைய முடிச்சு வெச்சுருங்க. புள்ளையோட நேரா அங்கதான் வருவன்."

நான் தலையாட்டினேன். (என் தலை அந்தக் காலத்தில் நன்றாக ஆடும். உள்ளே எதுவும் இல்லாததால் பாரமில்லை.)

அவள் போன சமயம், என் அத்தையின் கணவர் மலேயாவிலிருந்து திரும்பி வந்து தங்கியிருந்தார். எங்களுக்கு அவர் மலேயா மாமா. ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொன்ன கதை என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே ஒரு குருவி எச்சிலாலேயே கூடு கட்டுமாம். அந்தக் கூட்டைச் சீனர்கள் சூப்பு வைத்துக் குடிப்பார்களாம். எடைக்கு எடை வெள்ளி கொடுப்பார்களாம். அந்தக் குருவிகளுக்கென்றே ஆட்கள் வீடு விட்டு வைத்திருப்பார்களாம். உள்ளே கும்மிருட்டு வேண்டும், ஈரம் வேண்டும், கூரையோரம் ஒரு பொந்து வேண்டும். குருவி குடியேறிவிட்டால் மனிதன் எட்டிப் பார்க்கக் கூடாது.

எங்கள் தோட்டத்துப் பனைமரங்களைச் சுற்றிப் பொழுது சாயும் நேரத்தில் அரிவாள் மாதிரி இறக்கையுடன் கறுப்புக் குருவிகள் வட்டமிடும். தரையில் இறங்கவே இறங்காது. மாமா சொன்ன குருவியும் தரையில் இறங்காதது. எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. வீட்டை ஒரு வருடம் மட்டும் குருவிகளுக்குக் கொடுப்பது, வரும் பணத்தில் சரஸ்வதிக்கு மாடி வைத்தே கட்டிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. மாடிப்படியில் ஏற்றி நிறுத்திவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. இந்த நல்ல குணம்தான் அன்றைக்குப் பெரிய கேடாக முடிந்தது. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தேன். அடுப்புக்கரியை அரைத்துப் பசை கலந்து உள்சுவர் முழுவதும் பூசினேன். ஈரத்துக்காகக் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடித்தேன். வாய்க்கால் வரப்பில் நின்று பார்த்த அப்பா, புதுச் சுவருக்கு ஒரு நாள் விடாமல் தண்ணீர் காட்டுகிறான் என்று ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டார். முழங்கால் வலியால் அவர் வரப்பைத் தாண்டி வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

இத்தனையும் மாமா சொன்னபடி செய்தது. கடைசியாக ஒன்றை மட்டும் நானே யோசித்துச் சேர்த்தேன். குருவிக்கு இரை பூச்சி. பூச்சிக்கு வெளிச்சம் பிடிக்கும். ஆகவே மோட்டார் அறையிலிருந்து வயர் இழுத்து, பொந்துக்கு நேர் மேலே ஒரு பல்பு மாட்டினேன். ஐப்பசி மழையில் ஈசல் மொய்த்தது. பொழுது சாய்ந்ததும் கறுப்பாகப் பறந்து வந்து பல்பை வட்டமிட்டன, பொந்துக்குள் நுழைந்தன, திரும்பி வந்தன. வரப்பில் உட்கார்ந்து பார்த்த எனக்குக் கண்ணில் நீர் கட்டியது. உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதால் பார்க்கவில்லை. கதவில் காது வைத்துக் கேட்டேன். கீச்சுக் கீச்சென்றது. நாற்றம் தாங்கவில்லை. எச்சில் நன்றாக ஊறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இடையில் பஞ்சாயத்திலிருந்து வீட்டுக்கு நம்பர் போட ஒருவர் வந்தார். "ஆள்தாமசம் உண்டோ?" என்று கேட்டார். வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்களா என்பதற்கு மலையாளத்தில் அப்படித்தான் கேட்பார்கள். எங்களுக்கும் அது வாயில் ஒட்டிக்கொண்ட சொல். இல்லை என்றேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை வெயில் ஏறிய நேரத்தில் தோட்டத்து வாசலில் கார் வந்து நின்றது. மாமனார், மாமியார், மாமியார் கையில் என் மகள், தாம்பாளங்களோடு சரஸ்வதி. பின்னால் மாட்டுவண்டியில் எங்கள் வீட்டார் எல்லோரும், மலேயா மாமா உட்பட. நல்ல நாளாக இருந்ததாம். குழந்தையோடு நேராகப் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடி புகுவது என்று என் அம்மாவும் சம்பந்தியம்மாவும் பேசி வைத்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷ அதிர்ச்சி கொடுக்க நினைத்தார்களாம். அதிர்ச்சி வரை சரியாகச் செய்தார்கள்.

மாமியார் குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாசலிலேயே குத்துவிளக்கை ஏற்றிச் சரஸ்வதி கையில் கொடுத்தார். நான் கதவை மறைத்து நின்றேன்.

"சாவி காணமுங்க" என்றேன். மல் துணிச் சட்டைப் பையில் சாவி அச்சடித்த மாதிரி தெரிந்தது.

"என்னுங்க மாப்ளே, வெலகுங்க. நேரம் போகுது" என்றார் மாமனார்.

பதற்றத்தில் எனக்குத் தமிழ் மறந்துவிட்டது. "உள்ள ஆள்தாமசம் ஆயிருச்சுங்க மாமா."

பொள்ளாச்சிக்காரருக்கு மலையாளம் எட்டாது. "யாருங்க அந்தத் தாமசு?"

"அதில்லீங்க..."

"எம்புள்ளைக்குன்னு கட்டுன ஊட்ட, ஒரு வார்த்த கேக்காம தாமசுக்கு வாடகைக்கு உட்டுட்டீங்களா?"

மாமியார் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். குழந்தை குட்டியோடு இருக்கிறாரா, தனி ஆளா என்று கேட்டார். நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றேன். அன்று நான் பேசியதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

மாமனார் என்னை ஒதுக்கிவிட்டுக் கதவைத் தட்டினார். "ஏனுங்க தாமசு, கொஞ்சம் வெளிய வாங்க. ஊட்டுக்காரங்க வந்திருக்கறோம்."

உள்ளே எதுவோ கீச்சிட்டது.

"ஆளிருக்குது" என்றார் மாமனார்.

சரஸ்வதி ஒரு கையில் விளக்கோடு என் பக்கம் வந்தாள். இன்னொரு கையால் என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, வலது காலை எடுத்து வைத்து, விளக்கை உயர்த்தினாள்.

வௌவால்கள். கூரைச் சட்டம் தெரியாத அளவுக்குத் தொங்கிய அத்தனையும் வெளிச்சத்தைக் கண்டு ஒரே மூச்சில் கிளம்பின. வந்த கூட்டம் தாம்பாளத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாழைத்தோப்புக்குள் ஓடியது. பால் கொட்டியது. மாமனாரின் தலையில் கட்டியிருந்த உருமாலில் ஒன்று சிக்கிக்கொண்டது. அதையும் சுமந்தபடி, "தாமசு எங்கீங்க மாப்ளே?" என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மலேயா மாமா மட்டும் நின்று, நிதானமாகப் பல்பை அண்ணாந்து பார்த்தார். "ஏஞ்சாமி, நா இருட்டுன்னுதான சொன்னன்? பொழுது சாஞ்சு வெளக்குப் போட்டா வௌவாலு வராம என்ன வரும்? அதுவுமில்லாம நம்மூருக் குருவி வைக்கலும் எறகும் வெச்சுக் கட்டறது. அதக் கொண்டு மாட்டுக்குக்கூட சூப்பு வெக்க முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். சரஸ்வதி சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். விளக்கு அணையவில்லை. அதன் வெளிச்சத்தில் அவள் போட்ட அடுப்பு தெரிந்தது. இரண்டு கண்ணும் நிரம்பி வழிய வௌவால் புழுக்கை. அவள் முந்தானையால் அடுப்பின் விளிம்பை மட்டும் துடைத்துப் பார்த்தாள்.

"எனக்குன்னு ஒரு அடுப்பிருக்குதுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லிக் கூட்டியாந்தனுங்க" என்றாள். குரல் உயரவே இல்லை.

நான் தினமும் டைரி எழுதுகிறவன். அன்றைய பக்கத்தில் "வானம் தெளிவு" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

அன்று அவள் பெரிய வீட்டுக்குத்தான் போனாள், மறுபடியும் அண்ணிமாரின் புகைக்கே. நான் ஜன்னல் செங்கலைப் பெயர்த்தேன், சுவரைச் சுரண்டினேன், அடுப்பைக் கழுவினேன். கழுவிய அடுப்பு கரைந்து போயிற்று. அவளே மீண்டும் மண் குழைத்துப் போட்டாள். நான் குழைத்துக் கொடுத்த மண்ணை வேண்டாம் என்றுவிட்டாள். மாசிக்குப் பிறகு குடி வந்தோம். சுண்ணாம்பு எத்தனை முறை அடித்தாலும் கரி மட்டும் உள்ளிருந்து சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் என் மகள் சுவரைக் காட்டி, "தாமசு மாமா வந்துட்டாரு" என்பாள்.

அந்த மகள் போன வருடம் கோயமுத்தூரில் வீடு வாங்கினாள். பால் காய்ச்ச எல்லோரும் வாசலில் கூடினோம். மாப்பிள்ளை சாவியைப் போட்டபோது சரஸ்வதி தடுத்து, தானே கதவை ஒரு தட்டுத் தட்டினாள். காது கொடுத்துக் கேட்டாள். உள்ளே சத்தமில்லை. பிறகு விளக்கை ஏற்றி, வரிசையில் நின்ற பெண்களையெல்லாம் தாண்டி வந்து, என் கையில் கொடுத்தாள்.

புது வீட்டுக்குள் முதல் விளக்கைப் பெண்கள்தான் கொண்டுபோக வேண்டும் என்பது ஊர் வழக்கம். எங்கள் குடும்பத்தில் மட்டும் அது என் வேலை.

"போங்க" என்றாள் சரஸ்வதி. "ஒருக்கா உள்ள பாத்துட்டு வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் நாங்க வர்றோம்."