நீர்நாய்த் தோழர் கிருஷ்ணமணி

"எட்டு நாளைக்குள்ள ஒரு நனைப்பு கிடைக்கலேன்னா கதிரெல்லாம் பதராத்தான் வரும்" என்றார் கிருஷ்ணமணி. வயல் வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரை போயிற்று.

"லஸ்கர்கிட்ட ஒரு வார்த்த கேட்டா வாயா தேஞ்சு போவும்?" என்றாள் மனைவி அஜிதா.

கால்வாய் மடைகளைத் திறந்து அடைக்கும் ஊழியர்தான் லஸ்கர். அந்தப் பக்கத்துக்கு ஞானையன். அறுப்பு முடிந்தால் ஒவ்வொரு வயல்காரரும் அவருக்கு ஒரு கட்டுக் கதிர் கொடுப்பது வழக்கம். போன அறுப்பில் கிருஷ்ணமணி கொடுக்கவில்லை. "சர்க்காரு சம்பளம் வாங்குகவனுக்கு என் கதிரு என்னத்துக்கு?" என்று டீக்கடையில் வேறு முழங்கினார். ஏழு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

"அந்தச் சவத்துகிட்ட நான் கேக்கவா? வேணும்னே என் மடையப் பூட்டி வச்சிருக்கான். எனக்கு வேற வழி தெரியும்."

வழியைக் காட்டியது அன்றைய பேப்பர். அழிந்துவரும் உயிரினங்களைக் காக்க அரசு கோடிகளை ஒதுக்கியிருந்தது. ஆற்றுத் தண்ணீரில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்று ஓர் அதிகாரி உருகியிருந்தார். கால்வாயின் கடைசியில் கிடக்கும் கடைவரம்பு விவசாயிக்காக இதுவரை யாரும் அப்படி உருகியதில்லை.

சுசீந்திரம் கம்ப்யூட்டர் சென்டரில் ஜாஸ்மி மனுவை அடித்தாள். "என்ன மிருகம்னு போடணும் மாமா?"

"நீர்நாய். என் வயலோரக் கால்வாயில தண்ணியில்லாமச் சாவக் கிடக்குன்னு போடு."

"எத்தன?"

"நாலு போடு. ரெண்டு குட்டின்னு போடு. குட்டின்னாத்தான் எரக்கம் வரும்."

திங்கட்கிழமை வன அலுவலகத்தில் மனு கொடுத்தார். வியாழக்கிழமை ஜீப் வந்துவிட்டது! இருபத்தேழு வருடங்களில் அவர் வயலுக்கு வந்த முதல் ஜீப். வன அதிகாரி ரெஜிலா இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டார்: "கால்வாயில குட்டிகளும் இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, உண்மையா ஐயா?"

"கண்ணால கண்டேன் மேடம்."

அவர் உடனே போனை எடுத்து, தள்ளிப்போய் அவசரமாக யாரிடமோ பேசினார். திரும்பி வந்து, "சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிட்டேன். இனி கவலைப்படாதீங்க" என்றார்.

கிருஷ்ணமணிக்குப் பாதி வயிறு நிறைந்தது. தூரத்தில் மடைப் பக்கம் ஞானையன் நிற்பதைப் பார்த்ததும் மீதியும் நிறைந்தது. பாருடா என்பதுபோல மீசையைத் தடவிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் தண்ணீர் வரவில்லை, பலகை வந்தது. 'நீர்நாய் வாழிடம். ஓசை எழுப்பாதீர்.' தென்னையில் ஒரு கேமராவையும் கட்டினார்கள். பொறுத்துப் பார்த்த கிருஷ்ணமணி, பக்கத்து ஜான்ரோஸின் குளத்தில் மிச்சமிருந்த தண்ணீரை இறைக்க டீசல் மோட்டாரைக் கொண்டுவந்தார். பலகைக்குக் காவல் இருந்தவர் ஓடிவந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார். குட்டிகள் பயந்துவிடுமாம்.

நேரே ரெஜிலாவின் அலுவலகத்துக்குப் போனார்.

"மேடம், தண்ணி எப்ப வரும்?"

"தண்ணி வேற டிபார்ட்மெண்ட் ஐயா. நாங்க மிருகம் மட்டும்தான். கணக்கெடுப்பு முடிய இருபத்தோரு நாளாகும்."

"அப்பம் ஒண்ணு சொல்லட்டா? நீர்நாய் போயிட்டு. எல்லாம் போயிட்டு. பலகையப் புடுங்கிருங்க."

ரெஜிலாவின் முகம் மாறியது. "நாலும் எங்க போச்சு? யாராவது கொன்னிருந்தா ஜாமீன்கூடக் கிடைக்காது. கடைசியாப் பார்த்தது நீங்கதானே?"

"இல்ல மேடம்... இருக்கு. இப்பம்கூட ஒண்ணு சிரிச்சிட்டுப் போச்சு."

இனி நீர்நாய் இருந்தே ஆக வேண்டும். சந்தையில் சாளை மீன் வாங்கி, தின்ற முள்ளைக் கால்வாய்க் கரையில் பரப்பினார். கால்தடம் வேண்டுமே? காய்ந்த மண்ணில் தடம் எப்படி விழும்? வீட்டுக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து கரையைச் சேறாக்கி, ஜான்ரோஸின் நாயைப் பிடித்து நடக்கவிட்டார். ஒரு முழத்துக்கு அப்பால் நெற்பயிர் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இல்லாத பிராணிக்குத் தண்ணீர் சுமந்த அந்த ஐந்து நாளும் அவருக்கு அழுகை அழுகையாக வந்தது.

"அந்தக் குடத்தப் பயிருக்காவது ஊத்தக்கூடாதா?" என்றாள் அஜிதா.

"பயிரு செத்தா கேசு கெடையாதுட்டி. நீர்நாய் செத்தா நான் உள்ள போவணும்!"

கேமரா எல்லாவற்றையும் பார்த்தது. முள் பரப்பியதும் ஜான்ரோஸின் நாயும் மட்டும் அதன் கண்ணில் படவில்லை. நீர்நாய் படத்தில் விழாவிட்டாலும், தடமும் முள்ளும் கணக்கெடுப்புக்குப் போதுமாக இருந்தன. தன் வயல் காய்ந்துகொண்டிருக்க, வெயிலில் குடம் சுமந்து கால்வாயை நனைக்கும் மனிதரின் படத்தைப் பார்த்து ரெஜிலா கண் கலங்கிவிட்டார். இருபத்தோராம் நாள் வயலிலேயே பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். 'நீர்நாய்த் தோழர்' என்று பட்டம் கொடுத்தார்கள். ஒரு பொன்னாடையும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். பந்தலுக்குக் கால் நட்ட இடத்தில் மிதிபட்ட நெல்லைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அது எப்போதோ வைக்கோலாகியிருந்தது.

எல்லோரும் போனபின், கிருஷ்ணமணி பாட்டிலைத் திறந்து ஒரு நெல் தூரில் ஊற்றினார். வெடிப்பு அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

வரப்பில் ஞானையன் வந்து நின்றார். ஏழு மாதத்தில் முதல் முறையாகக் கிருஷ்ணமணி வாயைத் திறந்தார். பொன்னாடை தோளிலிருந்து நழுவியது.

"ஒரு கட்டுக் கதிருக்காவ என் குடும்பத்தையே பட்டினி போட்டுட்டியே, ஞானையா. இப்பம் திருப்தியா?"

ஞானையன் இடுப்பிலிருந்து மடைச் சாவியை எடுத்துக் காட்டினார்.

"வேய், அந்த ஜீப்பு வந்த அன்னைக்கி உம்ம வயலுக்குத் தண்ணி விடத்தான் இந்தச் சாவியும் கொண்டு மடையில நின்னேன், தொறக்கப் போகும்ப எங்க ஆபீசுலேருந்து போன் வருகு, 'தொறக்காத, நீர்நாய்க் குட்டிகள அடிச்சிட்டுப் போயிரும்'னு."